வீட்டு ரெக்கார்டிங் கணினியும் இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடி அறையில் ஒரு மேசைக் கணினி, இரண்டு மைக் செருகி ஒலியைக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஜன்னலில் கனத்த போர்வை. என் ஸ்டுடியோ அவ்வளவுதான். பக்திப் பாடல், குறும்படத்துக்கு டப்பிங், வீணை படிக்கும் பிள்ளைகளின் பதிவு என்று வேலை ஓடுகிறது. அந்தக் கணினியில் இணையம் கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பயன்படுத்துவது விண்டோஸ் என்பதால் பதில்களும் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

இணையம் இருந்தால் பதிவுக்கு அப்படி என்ன கெடுதல்?

பெரும்பாலான நாள் ஒன்றும் ஆகாது. ஆகிற நாளில் நல்ல டேக்கின் (ஒரு முறை பாடி எடுக்கும் பதிவு) நடுவில் ஆகும். பாடுகிறவர் சரணத்தில் உருகிக்கொண்டிருப்பார், ஹெட்போனில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். திரும்பப் போட்டுப் பார்த்தால் அதே இடத்தில் அலைவடிவம் வெட்டுப்பட்டிருக்கும். அந்த உருக்கம் இரண்டாவது டேக்கில் வராது.

காரணம் இதுதான். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் விநாடிக்கு 48,000 சாம்பிள்கள், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்து குறித்துக்கொள்கிறது. பஃபரை 128 என்று வைத்தால், கணினி ஒவ்வொரு 128 சாம்பிளாக வாங்கி, வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் 2.67 மில்லி விநாடி. ஒரு மணி நேரப் பதிவில் இந்தக் கெடு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை வருகிறது. ஒரே ஒரு தடவை தவறினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

விண்டோஸில் சாதனங்களை இயக்கும் சிறு நிரல்களான டிரைவர்கள் சாதாரண நிரல்களை முந்திக்கொண்டு பிராசசரை எடுத்துக்கொள்ள முடியும். எடுத்த வேலையைச் சட்டென்று முடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் சில வைஃபை டிரைவர்கள், அக்கம்பக்கத்தில் என்னென்ன நெட்வொர்க் இருக்கிறது என்று அவ்வப்போது துழாவும். அந்த நேரத்தில் பிராசசரை விடாமல் பிடித்துக்கொண்டால் ஆடியோ வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். ‘டிக்’ சத்தம் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வருகிறதென்றால் எனக்கு முதல் சந்தேகம் வைஃபை மேல்தான்.

இது தவிர, பின்னணியில் அப்டேட் இறங்குவது, கிளவுடுக்குக் கோப்பு ஏறுவது, பிரவுசர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது என்று நீங்கள் கேட்காமலே நடக்கும் வேலைகள் ஒரு டஜன். இவை எல்லாம் ஹார்ட் டிஸ்கையும் பிராசசரையும் கேட்கும்.

என் கணினியில் வைஃபைதான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லேட்டன்சிமான் என்ற இலவச நிரல் இருக்கிறது. வைஃபை இயங்கும்போது பத்து நிமிடம், பிறகு விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை முடக்கிவிட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்துக்கொண்டது என்று பட்டியல் போடும். என்டிஐஎஸ் என்ற பெயர் மேலே வந்தால் கோளாறு நெட்வொர்க் பக்கம். கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் மேலே வந்தால் இணையத்தைப் பிடுங்கிப் பயனில்லை, வேறு இடத்தில் தேட வேண்டும்.

லேப்டாப்பில் இன்னொன்றும் உண்டு. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பிராசசர் வேகத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு. பவர் பிளானை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றியதிலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை முதலில் செய்யுங்கள், செலவில்லாத வேலை.

இணையத்தை எடுத்துவிட்டால் கணினி வேகமாகிவிடுமா?

ஆகாது. குரலுக்கு எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் பத்து போட முடிந்த கணினியில் இருபது போட முடியாது. கிடைப்பது வேகமில்லை, காலப்பிரமாணம். மிருதங்கக்காரர் எவ்வளவு விரைவாக வாசிக்கிறார் என்பது வேறு, தாளம் தப்பாமல் வாசிக்கிறார் என்பது வேறு அல்லவா? நமக்கு வேண்டியது இரண்டாவது.

கண்ணுக்குத் தெரிகிற லாபம் ஒன்று உண்டு. முன்பு 256 பஃபரில் வைத்தால்தான் சத்தமில்லாமல் ஓடும் என்றிருந்த கணினி, இணையம் இல்லாமல் 128இல் ஓடலாம். ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டு பாடுகிறவருக்கு அந்தச் சில மில்லி விநாடி வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

துண்டிப்பது என்றால் எதுவரை? ஏரோபிளேன் மோட் போதாதா?

பதிவு நேரத்துக்கு மட்டும் என்றால் போதும். ஆனால் அது ஒரு கிளிக்கில் போகும், ஒரு கிளிக்கில் வரும். என் அக்கா பையன் அதை ஆன் செய்து யூடியூப் பார்த்துக்கொண்டிருந்த நாளில்தான் நான் அடுத்த படிக்குப் போனேன்.

இப்போது டிவைஸ் மேனேஜரில் வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் முடக்கி வைத்திருக்கிறேன். லேன் கேபிள் அந்த அறைக்கே வருவதில்லை. இதைவிட உறுதியாக வேண்டுமென்றால் கணினி தொடங்கும்போதே வரும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் அங்கேயே அணைக்கலாம். மேசைக் கணினியில் வைஃபை தனிக் கார்டாக இருந்தால் கழற்றி டிராயரில் போட்டுவிடலாம். லேப்டாப்பைத் திறந்து கார்டைக் கழற்றச் சொல்ல மாட்டேன்.

டிஜிட்டல் மிக்சரை லேன் கேபிளில் இணைப்பவர்கள், டான்டே போல நெட்வொர்க் வழியாகவே ஒலியை அனுப்பும் கருவி வைத்திருப்பவர்கள் ‘நெட்வொர்க்கையே அணைத்தால் நான் எப்படி வேலை பார்ப்பது’ என்பார்கள். நெட்வொர்க் வேறு, இணையம் வேறு. கணினி, மிக்சர் இவற்றோடு ஒரு தனி நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்து இணைத்துக்கொள்ளுங்கள், அந்த ஸ்விட்சிலிருந்து வீட்டு ரௌட்டருக்கு ஒயர் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இணையமே இல்லாத கணினிக்கு வைரஸ் எங்கிருந்து வரும்?

பென் டிரைவிலிருந்து. ஈரானின் நடான்ஸ் அணு மையக் கணினிகள் வெளி இணையத்தோடு தொடர்பில்லாதவை. அங்கேயே ஸ்டக்ஸ்நெட் புகுந்தது. 2010இல் வெளியே தெரிந்த அந்த நிரல் பென் டிரைவ் வழியாகத்தான் உள்ளே போனதாகக் கருதப்படுகிறது. நம் மாடி அறையைக் குறிவைத்து யாரும் அப்படி மெனக்கெட மாட்டார்கள். ஆனால் வழி அதேதான்.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென் டிரைவைத் திறந்ததும் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருப்பதைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. பாடகர் அதே பென் டிரைவில் கரோக்கி டிராக்கை எடுத்துக்கொண்டு வருவார். ‘ஒரே ஒரு ஃபைல்தான் சார், காப்பி பண்ணிக்கோங்க’ என்பார்.

என் வீட்டில் வெளியார் பென் டிரைவ் அந்தக் கணினியைத் தொடுவதில்லை. டிராக்கை முதல் நாளே கூகுள் டிரைவ் லிங்காக அனுப்பச் சொல்கிறேன். வேறு வழியில்லாமல் பென் டிரைவ் வந்தால் அது கீழே இருக்கும் லேப்டாப்புக்குப் போகும். அந்த லேப்டாப்பில் இணையமும் இருக்கிறது, தினமும் புதுப்பிக்கப்படும் ஆன்டிவைரஸும் இருக்கிறது. அங்கே ஸ்கேன் செய்து, வேவ் அல்லது எம்பி3 கோப்பை மட்டும் என்னுடைய பென் டிரைவுக்கு மாற்றி மேலே கொண்டுபோவேன். முழு ஃபோல்டரையும் அப்படியே தூக்கிப்போடுவதில்லை.

கூடவே, விண்டோஸில் கோப்புகளின் பின்னொட்டைக் காட்டும் அமைப்பை ஆன் செய்து வையுங்கள். அணைந்திருந்தால் ‘பல்லவி டாட் வேவ் டாட் இஎக்ஸ்இ’ என்ற கோப்பு ‘பல்லவி டாட் வேவ்’ என்று மட்டும் தெரியும். பாட்டு என்று நினைத்து இரண்டு முறை தட்டுவீர்கள், ஓடுவதோ ஒரு நிரல்.

சார்ஜ் போடுகிறேன் என்று செல்போனை அந்தக் கணினியில் செருகுவதும் இதே கணக்கில் சேரும். சுவரில் பிளக் பாயிண்ட் இருக்கிறது, அதில் போடச் சொல்லுங்கள்.

ஆஃப்லைனில்தானே இருக்கிறது, கிராக் செய்த ப்ளக்இன் போட்டால் என்ன?

ப்ளக்இன் என்பது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை நிரல், கிராக் என்றால் காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த பதிப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அதிகம் பேர் கேட்பதும் இதைத்தான். நீட்டியே பதில் சொல்கிறேன்.

2019 ஜூனில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் லவுட்மைனர் என்ற ஒன்றைப் பற்றி எழுதியது. இசைத் தயாரிப்பு மென்பொருள்களின் கிராக் பதிப்புகளை மட்டும் ஒரே தளத்தில் வைத்து வந்தார்கள். விண்டோஸுக்கும் மேக்குக்குமாக 137 நிரல்கள், அதில் பெரும்பகுதி மேக்குக்கு. இறக்கிப் போட்டால் நிரல் நன்றாகவே வேலை செய்யும். கூடவே ஒரு மெய்நிகர் கணினியையும் சத்தமில்லாமல் நிறுவி, அதற்குள் ஒரு குட்டி லினக்ஸை ஓடவிட்டு, மொனெரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும். பணம் அவர்களுக்கு, கரண்ட் பில் உங்களுக்கு.

இசைக்காரர்களைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. நம் கணினிகளில் நல்ல பிராசசர் இருக்கும். அது எப்போதும் சூடாக ஓடினாலும் ‘ப்ளக்இன் நிறையப் போட்டுவிட்டேன்’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். கோப்பு பல ஜிபி இருந்தாலும் சாம்பிள் நூலகம் (பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகளின் தொகுப்பு) என்று நினைத்துக்கொள்வோம். நம்மைவிட வசதியான ஏமாளி கிடைக்க மாட்டான்.

ஆஃப்லைனில் தோண்டும் நிரலுக்கு வெளியே போக வழியில்லை என்பது உண்மை. ஆனால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகைக்குப் பூட்டுவதற்கு இணையம் தேவைப்படாது. பூட்டுவதை உள்ளே இருந்தபடியே செய்துவிடும். அப்புறம், கிராக் போடும்போது ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடு, அட்மினாக ஓட விடு’ என்று கூடவே ஒரு குறிப்பு வருமே, அதைக் கேட்டு நடந்த பிறகு கேபிளைப் பிடுங்கியதில் என்ன மிச்சம்?

காசு இல்லை என்பதும் நியாயமான காரணம்தான், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாக ஓடும், சிறு பயனாளிகளுக்கு லைசென்ஸ் 60 டாலர். சர்ஜ், வைட்டல் போன்ற சிந்தசைசர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரீப்பரோடு வரும் ஈக்யூவும் (ஒலியின் தன்மையைத் திருத்துவது) கம்ப்ரசரும் (ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வது) பார்க்க அழகாக இருக்காது, வேலை சுத்தம்.

வாங்கிய மென்பொருளின் லைசென்ஸை உறுதிசெய்யும் ஆக்டிவேஷனுக்கு இணையம் கேட்குமே?

கேட்கும். வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியது இதுதான். வாங்கிய பிறகு தெரிந்து அழுதவர்களில் நானும் ஒருவன். ஒரு ரிவெர்ப் ப்ளக்இன் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தன் நிறுவனத்தின் சர்வரோடு பேச வேண்டுமாம். மிக்சிங் முடிக்க வேண்டிய இரவில் நின்றுபோனது.

ரீப்பருக்கு ஒரு கீ கோப்பு கொடுப்பார்கள், பென் டிரைவில் கொண்டுபோய்க் காட்டினால் தீர்ந்தது. எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளிலும் கணக்கிலிருந்து பதிவுக் கோப்பை வேறு கணினியில் இறக்கிக் கொண்டுவரலாம். ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு மென்பொருளில், ஆஃப்லைன் கணினி ஒரு ஹார்டுவேர் குறியீட்டைக் காட்டும், அதை இன்னொரு கணினியில் உங்கள் கணக்கில் கொடுத்தால் அனுமதிக் கோப்பு கிடைக்கும். வேவ்ஸ் நிறுவனத்தின் ப்ளக்இன் லைசென்ஸைச் சாதாரண பென் டிரைவிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பல ப்ளக்இன்களின் லைசென்ஸைக் காக்கும் ஐலாக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். அதில் மூன்று வகை: யூஎஸ்பி சாவி, கணினியிலேயே வைப்பது, கிளவுட். கிளவுட் என்றால் வேலை செய்யும் நேரம் முழுக்க இணையம் இருந்தாக வேண்டும், நமக்கு ஆகாது. யூஎஸ்பி சாவிக்குக் காசு அதிகம், ஆனால் ஆஃப்லைன்காரர்களுக்கு அதுதான் சுகம். சாவியைக் கீழே இருக்கும் லேப்டாப்பில் செருகி லைசென்ஸை ஏற்றி, மாடிக்குக் கொண்டுவந்து செருகினால் முடிந்தது. ஒன்று: அந்தச் சாவி தொலைந்தால் லைசென்ஸும் அதோடு போகும். பளிச்சென்ற நூல் ஒன்றைக் கட்டி வையுங்கள்.

எல்லா ப்ளக்இன் நிறுவனங்களும் இப்படி வழி விடுவதில்லை. சிலவற்றில் சாம்பிள் நூலகத்தை அவர்களுடைய ஆப் வழியாக மட்டுமே இறக்க முடியும். மாதச் சந்தாவில் வருபவை இடையிடையே சரிபார்த்துக்கொண்டே இருக்கும். சந்தா வகையை நான் இந்தக் கணினியில் வைப்பதே இல்லை.

விண்டோஸ் அப்டேட் இல்லாமல் இருப்பது ஆபத்து என்கிறார்களே?

இரண்டு சம்பவங்களையும் சொல்கிறேன், நீங்களே எடை போடுங்கள்.

2018 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. அதைப் போட்ட சிலருக்கு டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் இருந்த கோப்புகள் காணாமல் போயின. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி விட்டது. பல ரெக்கார்டிங் மென்பொருள்கள் புராஜெக்ட்டை டாக்குமென்ட்ஸிலோ மியூசிக் ஃபோல்டரிலோதான் சேமிக்கும் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

மறுபக்கம், 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை. விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தாவியது. பிரிட்டனின் மருத்துவமனைகள்கூடத் தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: இணையத்தில் இருக்கும் கணினி அப்டேட்டோடு இருக்க வேண்டும், அப்டேட் இல்லாத கணினி இணையத்துக்கே போகக் கூடாது. இரண்டில் எதுவானாலும் சரி, நடுவில் நிற்பதுதான் மோசம். இரண்டு வருடம் எந்த அப்டேட்டும் இல்லாமல் கிடந்த கணினியை ‘அஞ்சே நிமிஷம், ஒரு மெயில் அனுப்பிட்டு எடுத்துடறேன்’ என்று இணைக்கிறோமே, முழு ஆஃப்லைனும் இல்லாமல் முழு ஆன்லைனும் இல்லாமல், அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் நான் பயப்படுவேன். வீட்டு ரௌட்டர் வெளியிலிருந்து நேராக வருவதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு லேப்டாப்பையோ, பழைய பிரவுசரில் நீங்களே திறக்கும் பக்கத்தையோ அது தடுக்காது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10 ரெக்கார்டிங் கணினி உங்களிடம் இருந்தால், அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆஃப்லைனாக்கினால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

ஆன்டிவைரஸை எடுத்துவிடலாமா?

பலர் எடுத்துவிடுகிறார்கள். நான் விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை விட்டுவைத்திருக்கிறேன். ஆனால் பதிவு நடக்கும் ஃபோல்டரையும் சாம்பிள் நூலகத்தையும் அதன் கண்ணிலிருந்து விலக்கியிருக்கிறேன். பியானோ சாம்பிள் ஒன்றைத் திறந்தால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படும். ஒவ்வொன்றையும் நிறுத்தி அடையாள அட்டை கேட்டால் எப்போது வாசிப்பது? புதிய வைரஸ் பட்டியலை மைக்ரோசாஃப்ட் தனிக் கோப்பாகவும் தருகிறது, 100 எம்பிக்கு மேல் இருக்கும். நினைவு வரும்போது லேப்டாப்பில் இறக்கிக் கொண்டுபோவேன்.

மேக்கில் இந்தத் தொல்லை இல்லைதானே?

குறைவு, இல்லாமல் இல்லை. 2020 நவம்பர் 12 அன்று, மேக்கின் இயங்குதளப் பதிப்பான பிக் சர் வெளியான நாளில், உலகம் முழுக்கப் பல மேக்குகளில் ஆப்களைத் திறக்கவே நெடுநேரம் ஆனது. ஆப்பைத் திறக்கும்போது அதை உருவாக்கியவரின் சான்றிதழ் செல்லுமா என்று மேக் ஆப்பிளின் சர்வரைக் கேட்கும். அன்று அந்த சர்வர் திணறியது. வைஃபையை அணைத்தவர்களுக்கு ஆப் உடனே திறந்துகொண்டது.

அதற்கு முந்தைய வருடம் வந்த கேட்டலினா பதிப்பு 32 பிட் என்ற பழைய வகை நிரல்களை அடியோடு கைவிட்டது. ‘அப்டேட் தயார்’ என்றதும் தட்டியவர்களுக்குப் பழைய ப்ளக்இன்கள் ஒரே இரவில் போயின. மேக்காரர்கள் ஆஃப்லைனுக்குப் போகாவிட்டாலும் தானியங்கி அப்டேட்டையாவது அணைத்து வைக்கலாம்.

பாட்டை வெளியே கொண்டுபோவது தினமும் தலைவலி இல்லையா?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, இருபது டிராக் என்றாலும் 900 எம்பிக்குள் அடங்கிவிடும். நல்ல பென் டிரைவில் காப்பி ஆகி முடியும் நேரத்தில் ஒரு காபி குடித்துவிடலாம். பென் டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் வாங்காது, ஐந்து மணி நேரக் கச்சேரியை ஒரே ஸ்டீரியோ கோப்பாகப் பதிவு செய்தால் தாண்டிவிடும்.

தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. இணையம் இல்லையென்றால் கிளவுட் பேக்கப் கிடையாது. கணினி தன் பாட்டுக்கு மேலே ஏற்றி வைக்கும் என்ற நிம்மதி போய்விடும். ஆஃப்லைனுக்குப் போன முதல் வருடம் நான் இதை யோசிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் காலையில் ‘கட கட’ என்றது, பதினொரு பாட்டுகளின் தனித்தனி டிராக்குகள் போயின. முடித்துக் கொடுத்த மிக்ஸ் மட்டும் வாட்ஸ்அப்பில் மிச்சமிருந்தது, அதுவும் எம்பி3.

இப்போது இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒன்று வெள்ளிக்கிழமை செருகி, காப்பி முடிந்ததும் கழற்றப்படும். எப்போதும் செருகியே வைத்தால் வைரஸ் வந்தாலும் இடி விழுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். இன்னொன்று அம்மா வீட்டு பீரோவில், மாதம் ஒரு முறை போகும்போது மாற்றிவிட்டு வருவேன். உண்மையைச் சொன்னால், வைரஸால் நான் ஒரு டேக்கும் இழந்ததில்லை. கரண்ட் போய் இழந்தது நிறைய. யுபிஎஸ் இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.

வீட்டில் ஒரே ஒரு கணினிதான். பிள்ளைகள் படிப்பதும் அதில்தான். என்ன செய்வது?

தனி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கி அதில் இன்னொரு விண்டோஸைப் போடுங்கள். கணினியைத் தொடங்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டு விண்டோஸில் நெட்வொர்க் முடக்கப்பட்டிருக்கும், படிப்பு விண்டோஸில் இருக்கும். இதில் ஒரு ஓட்டை உண்டு: படிப்பு பக்கம் வைரஸ் வந்தால், பாட்டு டிஸ்க்கும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதையும் அதனால் எழுத முடியும். படிப்பு விண்டோஸில் அந்த டிஸ்கை டிஸ்க் மேனேஜ்மென்டில் ஆஃப்லைன் ஆக்கி வைத்தால் கை தவறி அழிப்பதாவது குறையும். ‘டிக்’ இல்லாத பதிவு என்ற ஒரு நோக்கத்துக்கு இந்த ஏற்பாடு நூற்றுக்கு நூறு, பாதுகாப்புக்கு ஐம்பதுதான்.

அதற்கும் வசதி இல்லையென்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பதிவுக்கு முன் அப்டேட்டை நிறுத்திவைத்து, பிரவுசரை மூடி, வைஃபையை முடக்கி, கணினியை ஒரு முறை மறுபடி தொடங்குங்கள். முடிந்ததும் திரும்ப ஆன் செய்து அப்டேட்டை ஓட விடுங்கள்.

புதிதாக அமைக்கிறேன். எந்த வரிசையில் செய்வது?

முதல் நாளே துண்டிக்காதீர்கள். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். அதனால் முதலில் ஆன்லைனிலேயே விண்டோஸையும் அதன் எல்லா அப்டேட்டையும் போட்டுவிடுங்கள், இன்டர்ஃபேஸின் டிரைவர், ரெக்கார்டிங் மென்பொருள், ப்ளக்இன்கள், அவற்றின் ஆக்டிவேஷன் எல்லாவற்றையும் முடியுங்கள். பிரவுசரில் வேறு எதையும் திறக்காதீர்கள். இறக்கிய இன்ஸ்டாலர்களை ஒரு ஃபோல்டரில் பத்திரப்படுத்துங்கள், ஐந்து வருடம் கழித்து அந்தப் பதிப்பு எங்கும் கிடைக்காமல் போகலாம்.

பிறகு வைஃபையை அணைத்து ஒரு முழுப் பாட்டைப் பதிவு செய்து மிக்ஸ் வரை போங்கள். ஒரு வாரம் இப்படி ஓட்டினால் எந்த ப்ளக்இன் இணையம் கேட்டு அடம்பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாம் சரி என்றான பிறகு குளோன்சில்லா போன்ற ஒன்றால் முழு டிஸ்கையும் நகலெடுத்து வைத்துவிட்டு, அப்புறம் நிரந்தரமாகத் துண்டியுங்கள். பிற்காலத்தில் ஏதாவது சொதப்பினால் அந்த நகலிலிருந்து ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

கணினியின் கடிகாரம் தப்பாக ஓடுகிறதே?

இணையம் இருந்தால் அதுவே சரிசெய்துகொள்ளும், இல்லையென்றால் மெல்ல விலகும். மாதம் ஒரு முறை செல்போனைப் பார்த்து மாற்றுங்கள். தேதியே பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும், வாட்ச் கடையில் கிடைக்கும். அப்படியே விட்டால் சில லைசென்ஸ்கள் ஏமாற்று வேலை என்று நினைத்துத் திறக்க மறுக்கும்.

ரெஃபரன்ஸ் பாட்டு கேட்க, வரி பார்க்க?

செல்போன் போதும். அதை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் தள்ளி வையுங்கள். 2ஜியில் இருக்கும் போன் சிக்னல் அனுப்பும்போது ‘டிடிட் டிடிட்’ என்று ஸ்பீக்கரில் வருமே, விநாடிக்கு 217 முறை துடிக்கும் அந்த இரைச்சல் மைக் கேபிளிலும் ஏறும். மிக்சிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு.

சர்வீஸ் செய்கிறவர் ‘நெட் குடுங்க, ரிமோட்டில் பார்த்துவிடுகிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா?

நான் கொடுப்பதில்லை. என்ன பிழைச் செய்தி வருகிறதோ அதைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். தேவையான டிரைவரின் லிங்கை அவர் அனுப்பினால் லேப்டாப்பில் இறக்கி நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். அதற்கும் சரிவரவில்லை என்றால் டிஸ்க் நகலைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். அதிலும் தீராதது இதுவரை ஒரே முறைதான் வந்தது. அவரையே வீட்டுக்கு வரச் சொன்னேன், வந்து பார்த்துவிட்டு யூஎஸ்பி கேபிளை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.